குடும்ப அலகு

எனக்கு ஃபோனில் பேசுவது அவ்வளவாகப் பிடிக்காது. எதிரில் இருப்பவர் எப்போது முடிப்பார் என்று தெரியாது. நாமாக வைத்துவிட்டால் மரியாதை தெரியாதவன் என்பார்கள். கணக்குப் பக்கம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். எண்கள் "அப்புறம், வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்க" என்று இழுப்பதில்லை. அப்படிப்பட்ட நான் மூன்று நாள் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து அறுபது வீட்டுக்கு ஃபோன் போட்டேன். அந்த வேலையை எவ்வளவு அக்கறையாகச் செய்தேன் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா என்று தெரியவில்லை.

நிதானமாகத்தான் பேசுவேன். டைப் அடிப்பவர் அவசரப்பட வேண்டாம். உங்கள் மதிப்பீட்டாளர் சங்கத்தில் இருபத்திரண்டு வருடமாக உறுப்பினனாக இருக்கிறேன். ஒரு வருடம்கூட சந்தா கட்டத் தாமதித்ததில்லை. சங்கத்துக்கு விசாரணைக் குழு என்று ஒன்று இருப்பதே போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. அந்த அளவுக்கு ஒழுங்காக இருந்திருக்கிறேன்.

ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்க நினைத்தால், என்ன விலை தகும் என்று சொல்ல நடுவில் ஒரு ஆள் வேண்டும். வீடு வாங்குகிறவர் சுவரைத் தட்டிப் பார்க்க ஒரு மேஸ்திரியைக் கூட்டிப் போவதில்லையா, அது மாதிரி. ஒரே வித்தியாசம், எங்கள் தொழிலில் மேஸ்திரிக்குக் கூலி கொடுப்பவர் பெரும்பாலும் வீட்டை விற்பவர். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் விதிப்புத்தகத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது.

விற்க வந்தது இயற்கை ஆரோக்கியப் பொருள்கள் செய்கிற ஒரு கம்பெனி. அதன் முதலாளியை எங்கள் ஆபீசில் பச்சைச்சட்டை என்போம். கல்யாணமோ வங்கியோ, எங்கே போனாலும் பச்சைச் சட்டைதான். இதற்கு முன்னால் அவர் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி விற்றுக்கொண்டிருந்தார். அதுவும் பச்சைதான். அவருடைய வரவேற்பறையில் ஆள் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் செடி இருந்தது. தினமும் காலையில் ஒருவர் வந்து அதற்குத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார். வருகிறவர்கள் பார்க்கிற மாதிரி தெளிக்க வேண்டும் என்று அவருக்கு உத்தரவு.

கம்பெனியின் உயிர் ஒரே ஒரு பொடியில் இருந்தது. மூட்டு வலி, அசதி, முடி கொட்டுவது, மனக்கவலை, எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா. மாதம் ஒன்று வீட்டுக்கே வந்துவிடும். டப்பாவின்மேல் 'இயற்கை' என்ற சொல் ஒன்பது இடத்தில் அச்சாகியிருந்தது. எண்ணிப் பார்த்தேன். உள்ளே என்னென்ன இருக்கிறது என்பது ஒரே இடத்தில் இருந்தது, லேபிளின் மடிப்புக்கு அடியில்.

இந்த மாதிரி கம்பெனிக்கு விலை போடுவது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. மாதம் ஒரு டப்பா வாங்குகிறவர் எத்தனை மாதம் வாங்குவார்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் விலை வந்துவிடும். மீதிப் பக்கமெல்லாம் அறிக்கை கனமாகத் தெரிவதற்காக. அதனால் ஐந்து வருட விற்பனையைக் கேட்டு வாங்கி, ஆள் ஆளாகப் பிரித்துப் பார்த்தேன். எட்டு மாதம் வரை அபாரம். நூறு பேர் ஆரம்பித்தால் எட்டாவது மாதத்திலும் தொண்ணூறு பேர் இருந்தார்கள். சோப்பு கம்பெனிக்காரன்கூட இப்படி ஒரு விசுவாசத்தைப் பார்த்திருக்க மாட்டான். ஆனால் ஒன்பதாவது, பத்தாவது, பதினோராவது மாதங்களில் மளமளவென்று விழுந்தது. பன்னிரண்டாவது மாதத்தில் பாதிப் பேர்தான் மிச்சம்.

பச்சைச்சட்டையிடம் கேட்டேன். அவர் ரொம்ப வருத்தமாகத்தான் சொன்னார்.

"குணமாயிட்டாங்க சார். குணமானவன் மறுபடி ஏன் வாங்கப் போறான்? நம்ம பொருள் அவ்ளோ நல்ல பொருள். நமக்கு இருக்கிற ஒரே பிரச்சினை அதான்."

இதை எங்கள் ஆபீஸ் பெரியவரிடம் சொன்னேன். பெரியவர் என்றால் எங்கள் நிறுவனத்தின் மூத்த பங்குதாரர். அவர் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"குணமாயிட்டாங்கன்னு எழுதவே கூடாதுப்பா. குணமாக்குற கம்பெனிய எவன் வாங்குவான்? வேற காரணம் ஏதாச்சும் இருக்கும், போய்ப் பாரு."

அவர் சொன்னதால்தான் ஃபோன் போட்டேன். ஒன்பது மாதத்துக்கும் பதினோரு மாதத்துக்கும் நடுவில் நின்றுபோனவர்களில் அறுபது பேரைக் குலுக்கல் முறையில் எடுத்தேன். என் படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: 'குணமானதால் நிறுத்தினார்', 'விலை கட்டவில்லை', 'வேறு காரணம்'. ஏழாவது அழைப்பை ஒரு ஆண் எடுத்தார்.

"அவங்க இல்லீங்க."

"எப்ப வருவாங்க?"

"இறந்து ரெண்டு மாசம் ஆச்சுங்க. நீங்க யாரு?" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தேன். எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று தெரியாமல் கொஞ்சம் திண்டாடினேன். இருபத்திரண்டு வருட அனுபவத்தில் இப்படி ஒரு படிவத்தைப் போட்டிருக்கிறோமே என்று என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. 'தொடர்பில் இல்லை' என்று நான்காவதாக ஒரு கட்டம் சேர்த்தேன். மூன்றாம் நாள் முடியும்போது அந்தக் கட்டத்தில் பதினான்கு பேர் இருந்தார்கள். இன்னும் ஒன்பது பேர் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவர்கள். குணமானேன் என்று ஒரே ஒருவர் சொன்னார். அவர் டப்பாவை வாங்கி அப்படியே பரண்மேல் வைத்திருந்தாராம்.

அதற்குப் பிறகுதான் கடிதங்களைப் பார்த்தேன். கம்பெனியில் புகார் ஃபைலைக் கேட்டபோது, "புகார் வந்தாத்தானே சார் ஃபைல் போடணும்" என்று சொல்லிவிட்டு, பாராட்டுக் கடிதங்கள் என்ற தடித்த ஃபைலைக் கொடுத்தார்கள். வருகிற கடிதமெல்லாம் அதில்தான் போகும். நடுவில் ஒரு அரசு ஆஸ்பத்திரி டாக்டர் எழுதிய மூன்று கடிதங்கள் இருந்தன. கல்லீரல் டாக்டர். 'உங்கள் பொடியை எட்டு ஒன்பது மாதம் சாப்பிட்டவர்கள் கண் மஞ்சளாகி, கல்லீரல் செயலிழந்து என்னிடம் வருகிறார்கள். இதுவரை பதினொரு பேர். அந்த நிலையில் நிறுத்தினால் பிழைக்கிறார்கள், தொடர்ந்தால் பிழைப்பதில்லை. தயவுசெய்து விற்பனையை நிறுத்திவிட்டுப் பரிசோதியுங்கள்.' முதல் கடிதம் டைப் அடித்தது, மூன்றாவது கையால் எழுதியது. கையெழுத்து கோபமாக இருந்தது.

மூன்றையும் முழுக்கப் படித்தேன். இரண்டு தடவை. பிறகு இருந்த வரிசையிலேயே திரும்ப வைத்தேன். அடுத்தவர் ஃபைலைக் கலைத்து வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

இந்த இடத்தில் சாதாரண ஆளாக இருந்தால் பயந்து ஓடியிருப்பார். நானும் பயந்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கொடுத்த வேலை பொடி நல்லதா கெட்டதா என்று பார்ப்பதில்லை. அதற்கு வேறு இலாகா இருக்கிறது. என் வேலை விலை போடுவது. விழுகிற அந்தக் கோடு என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்கு ஒரு வழி இருக்கும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

வழியைக் காட்டியவர் தேன்குரல். கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் தலைவிக்கு நாங்கள் வைத்த பெயர் அது. கண்ணாடி அறைக்குள் பன்னிரண்டு பெண்களை வைத்து ஃபோன் பேச வைக்கிறவர். நல்ல மனுஷி. யார் என்ன குறை சொன்னாலும் பதில் சொல்ல ஒரு கையேடு வைத்திருந்தார். வயிற்று வலி என்றால் ஒரு பக்கம், அரிப்பு என்றால் ஒரு பக்கம், வாந்தி என்றால் இரண்டு பக்கம். எந்தப் பக்கத்தில் ஆரம்பித்தாலும் ஒரே வாக்கியத்தில்தான் வந்து முடியும்: "உடம்புல இருக்கிற நஞ்செல்லாம் வெளிய வருதுங்க, பயப்படாதீங்க, அளவை மட்டும் ஒரு ஸ்பூன் கூட்டிக்கோங்க."

"ரெண்டு மாசம் டப்பா வாங்கலேன்னா நாங்களே கூப்பிடுவோம் சார்" என்றார். "சில வீட்ல ஆள் தவறியிருப்பாங்க. பாவமா இருக்கும். இருக்கிறவங்களுக்குத் தூக்கமே வராது. நம்ம தூக்க டானிக் அனுப்பி வைப்போம். முதல் பாட்டில் இலவசம்."

"அப்புறம் காசு கொடுத்து வாங்குறாங்களா?"

"பத்துல ஏழு வீடு வாங்கும் சார். வருஷக்கணக்கா வாங்குறாங்க. ஒருத்தர் டானிக், ஒருத்தர் கூந்தல் எண்ணெய். புள்ளைங்களுக்கு ஞாபகசக்தி மாத்திரை."

வருஷக்கணக்கா என்று கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மறைப்பானேன். நாங்கள் இத்தனை நாளும் ஆளை எண்ணிக்கொண்டிருந்தோம். ஆளை எண்ணினால் போனவர் போனவர்தான். வீட்டை எண்ணினால் யாருமே போகவில்லை. டப்பா நின்ற மாதத்தில் டானிக் ஆரம்பிக்கிறது; டானிக் டப்பாவைவிட விலை அதிகம். ஆபீசுக்கு வந்து எல்லாக் கணக்கையும் வீடு வீடாக மாற்றிப் போட்டேன். விழுந்துகொண்டிருந்த கோடு நிமிர்ந்து நின்றது. பன்னிரண்டாவது மாதத்துக்குப் பிறகு லேசாக மேலே ஏறவும் ஏறியது. கம்பெனியின் விலை மூன்றில் ஒரு பங்கு கூடியது.

இதற்கு 'குடும்ப அலகு முறை' என்று பெயர் வைத்தேன். பெரியவர் அந்த அத்தியாயத்தை நின்றுகொண்டே படித்தார். "நீ பெரிய ஆளுப்பா" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. விற்பனை முடிந்தால் என்னையும் பங்குதாரராக்குவதாகச் சொன்னார். வாங்க வந்த சோப்பு கம்பெனியின் கணக்கு அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வீட்டுக்குச் சராசரியாக எத்தனை பேர்? நான்கு என்றேன். "அப்ப வளர்ச்சிக்கு நிறைய இடம் இருக்கு" என்றார். ஆமாம் என்றேன். யாரும் யாரிடமும் பொய் சொல்லவில்லை.

வீடு வீடாக அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு வரியில் அக்காவின் ஃபோன் நம்பர் வந்தது. ஏழாவது டப்பா.

அக்கா என்றால் கூடப் பிறந்த அக்கா. ஒரே அக்கா. பார்லர் வைத்திருந்தாள், நாள் முழுக்க நின்றுகொண்டே முடி வெட்டி, புருவம் திருத்தி, முட்டி தேய்ந்துவிட்டது. பார்லருக்கு வருகிற யாரோ சொல்லித்தான் பொடியை ஆரம்பித்திருக்கிறாள். எனக்கு அவளைப் பிடிக்கும். நான் இந்தத் தொழிலுக்கான பரீட்சையை மூன்று தடவை எழுதினேன்; மூன்று தடவையும் பணம் கட்டியவள் அவள்தான். அதை எல்லாரிடமும் சொல்வாள். பெருமையாகத்தான் சொல்வாள். "என் தம்பி மூணாவது தடவையில பாஸ் பண்ணிட்டான்" என்பாள். முதல் இரண்டு தடவையைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அது வேறு விஷயம்.

அதே வாரம் அவளே கூப்பிட்டாள்.

"என்னடா, அந்தப் பொடிக் கம்பெனிய நீதான் பாக்குறியாமே? மாமா சொன்னாரு."

"ஆமாக்கா."

"எப்படிடா இருக்கு? நான் அதைத்தான் சாப்பிடறேன்."

"நல்லா இருக்குக்கா. வளர்ற கம்பெனி."

"அப்பாடா. நீ பாத்துட்டேன்னா சரிதான்."

நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. நல்லா இருக்கு என்றது கம்பெனியை. பொடியைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ரகசியம் காப்பேன் என்று கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருந்தேன். அதில் சொந்தக்காரர்களுக்குச் சொல்லலாம் என்று எங்கேயும் இல்லை. தவிர, அக்காவிடம் ஒன்றைச் சொல்வதும் மைக் பிடித்துச் சொல்வதும் ஒன்றுதான். காலையில் அவள் காதில் போட்டால் பார்லரைப் பூட்டுவதற்குள் ஊரே பேசும். அடுத்த மாதப் பட்டியலில் அவள் தெருவைச் சுற்றிப் புதிதாகப் பதினொரு வீடு சேர்ந்திருந்தது. தம்பியே பார்த்துவிட்டான் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள்.

ஒன்பதாவது டப்பாவின்போது மறுபடி கூப்பிட்டாள். குரலில் அவளுடைய வழக்கமான சத்தம் இல்லை.

"டேய், கண்ணாடியில பாத்தா கண்ணெல்லாம் மஞ்சளா இருக்குடா. உடம்பு பூரா அரிக்குது. சோறே இறங்கல. பொடிய நிறுத்திடட்டுமா?"

விற்பனைக் கையெழுத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. நிறுத்து என்று சொல்ல ஒரு விநாடி போதும். ஆனால் அவள் உடனே ஏன்டா என்பாள். காரணம் சொல்லாமல் விட மாட்டாள். சொன்னால் நான் முன்னால் விவரித்த மைக். பன்னிரண்டு நாளில் ஒன்றும் ஆகிவிடாது, கையெழுத்து ஆன அன்றைக்கே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மனப்பூர்வமாகத்தான் நினைத்தேன். ஆனால் அவள் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள், எனக்கு ஃபோனில் சட்டென்று பேச வராது. வாயில் வந்தது தேன்குரலின் வாக்கியம்தான்.

"உடம்புல இருக்கிற நஞ்செல்லாம் வெளிய வருதுக்கா. பயப்படாதே."

அந்த வாக்கியத்தின் பின்பாதியை நான் சொல்லவில்லை. விட்டுவிட்டேன். இதைப் பதிவு செய்துகொள்ளுங்கள், எனக்குச் சாதகமான விஷயம். அவளே கேட்டாள். "கம்பெனில ஃபோன் பண்ணி ஒரு ஸ்பூன் கூட்டிக்கச் சொல்றாங்கடா. கூட்டிக்கவா?" என்றாள்.

"கூட்டிக்கோ" என்றேன்.

கையெழுத்து தள்ளிப்போனது. சோப்பு கம்பெனியின் வக்கீலுக்கு அம்மை போட்டுவிட்டது. பன்னிரண்டு நாள் இருபத்தாறு நாளானது. கையெழுத்தான அன்று சாயங்காலம் அக்காவைக் கூப்பிடத்தான் ஃபோனை எடுத்தேன். அப்போதுதான் ஒப்பந்தத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ரகசியம் காக்கும் பொறுப்பு விற்பனை முடிந்த பிறகும் இரண்டு வருடம் தொடரும் என்று போட்டிருந்தது. போதாததற்கு, விற்பதற்கு முன் மறைத்தது ஏதாவது தொண்ணூறு நாளுக்குள் வெளியே வந்தால் சோப்பு கம்பெனி வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று விற்பனைப் பத்திரத்தில் இருந்தது. ஃபோனைக் கீழே வைத்தேன். என் அறைக் கதவில் என் பெயரோடு பங்குதாரர் என்று சேர்த்து எழுதியிருந்தார்கள். பெயின்ட் இன்னும் காயவில்லை என்று யாரையும் தொட விடவில்லை.

கையெழுத்தாகி நாற்பத்தோராம் நாள் மாமா கூப்பிட்டார். அக்கா வீட்டுக்காரர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அக்காவைத் தன் வேனிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நான் போனபோது வேன் வாசலில் குறுக்காக நின்றது. அக்காவுக்கு நினைவு வந்து வந்து போனது. என்னைப் பார்த்து, "வேலைய விட்டுட்டு ஏன்டா வந்தே" என்றாள்.

டாக்டர் வந்தார். சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்தேன். மூன்று கடிதங்களிலும் இருந்த அதே பெயர். ஆள் நான் நினைத்ததைவிடக் குள்ளம்.

"என்ன சாப்பிட்டாங்க?" என்று மாமாவைக் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல டாக்டர். தலைவலிக்கு மாத்திரைகூடப் போட மாட்டா. இயற்கைப் பொடி மட்டும்தான்."

டாக்டர் அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து வேகமாகப் பேசினார். "அவங்க சாப்பிட்ட அதே டப்பா வேணும். ஒவ்வொரு டப்பாவுலயும் கலப்பு மாறுது. இதுல எதுன்னு தெரிஞ்சா முறிக்க மருந்து இருக்கு, பிழைக்க வைக்கப் பாக்கலாம். தெரியாம குத்துமதிப்பா குடுக்க முடியாது. இன்னிக்கே வேணும்."

"மாப்ள, நீ ஓடிப் போய் எடுத்துட்டு வா" என்றார் மாமா. "சமையல்கட்டு மேல் தட்டுல இருக்கும். நான் இவளை விட்டு நகர முடியாது." சாவியை என் கையில் திணித்தார்.

டப்பா அவர் சொன்ன இடத்தில்தான் இருந்தது. பாதிப் பொடி மிச்சம் இருந்தது. தொண்ணூறு நாளில் இன்னும் நாற்பத்தொன்பது நாள் பாக்கி. சிங்க்கில் கொட்டித் தண்ணீர் திறந்துவிட்டேன். பச்சை நிறம் போகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. டப்பாவைத் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து, மற்ற பாத்திரங்களோடு கவிழ்த்து வைத்தேன். சிங்க்கையும் கழுவினேன். அக்காவுக்குச் சமையல்கட்டு சுத்தமாக இருக்க வேண்டும்.

திரும்பி வந்து, "தீந்து போச்சு போல மாமா, டப்பா கழுவி வச்சிருக்கு" என்றேன். அதுவும் பொய் இல்லை. டாக்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

ஐந்தாம் நாள் காலையில் அக்கா இறந்தாள். நான் அழுதேன். மாமாவைவிட நான்தான் அதிகமாக அழுதேன் என்று வந்தவர்கள் சொன்னார்கள். அந்தப் பதினொரு வீட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் கண்ணை வெளிச்சத்தில் பார்த்தேன்; மூன்று மாதத்திலேயே லேசாக மஞ்சள். அதைப் பற்றி நான் பேசுவதற்கு அது நேரமில்லை.

இரண்டு மாதம் கழித்து மாமாவைப் பார்க்கப் போனபோது அவர் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் தேன்குரல். எப்படித்தான் அவ்வளவு இதமாகப் பேசுகிறாரோ. மாமா எல்லாவற்றுக்கும் சரிம்மா, சரிம்மா என்றார். வைத்துவிட்டு என்னிடம், "நல்ல பொண்ணு. தூங்குறதுக்கு ஏதோ அனுப்புறாளாம். வாங்கலாமா மாப்ள?" என்றார். முதல் பாட்டில் இலவசம்தான், வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

மீதி உங்களுக்குத் தெரியும். டாக்டர் விடாப்பிடியாக நின்று, தொண்ணூறு நாள் தாண்டிய பிறகு எப்படியோ பொடிக்குத் தடை வாங்கிவிட்டார். சோப்பு கம்பெனி அதிக விலை கொடுத்துவிட்டோம் என்று உங்களிடம் புகார் செய்தது. அந்தப் புகாரில் இறந்தவர்களைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது, நாற்பதாம் பக்கத்தில், விலை இறங்கியதற்கான காரணங்களில் மூன்றாவதாக. பச்சைச்சட்டை வெளிநாட்டில் இருக்கிறார். இப்போது மறுபடி தண்ணீர்த் தொட்டி விற்பதாகக் கேள்வி.

நேற்று உங்கள் குழுவின் வரைவு அறிக்கை வந்தது. பெரியவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "தப்பிச்சோம்பா. கையெழுத்தைப் போட்டுட்டு வீட்டுக்கு வந்துடு" என்றார். நான் படித்தேன். 'மதிப்பீட்டாளர் தரவுகளை மேலோட்டமாகவே பார்த்திருக்கிறார். வாடிக்கையாளர்கள் நின்றுபோன காரணம் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இது கவனக்குறைவேயன்றிக் குற்றமல்ல.' எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆள் வைத்து அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. மேலோட்டமாக என்று எழுதியவர் யார் என்று நான் கேட்கப் போவதில்லை. அவர் என் கணக்குத் தாளின் கடைசிக் கட்டம் வரை நகர்த்திப் பார்க்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

அதனால்தான் நானாகவே வந்தேன். வக்கீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மனசாட்சி உள்ளவன் தன் வேலையைப் பற்றி ஒரு தவறான வாக்கியம் பதிவாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

பட்டியலில் முப்பத்தோராயிரம் வரிகள். ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டத்திலும் அந்த ஆள் எத்தனையாவது மாதத்தில் நின்றுபோவார் என்று ஒரு எண் இருக்கிறது. வயது, எடை, நாளுக்கு எத்தனை ஸ்பூன், எல்லாம் பார்த்துப் போட்ட எண்கள். அக்காவின் வரிக்கு மட்டும் என் கையாலேயே போட்டேன், அவள் உடல்வாகு எனக்குத் தெரியும் என்பதால். முதலில் பன்னிரண்டு என்று போட்டிருந்தேன். அவள் ஒரு ஸ்பூன் கூட்டிக்கொண்ட அன்றே அதைத் திருத்திப் பதினொன்று ஆக்கினேன். பதினோராவது மாதம் பதினேழாம் நாள் போனாள். இதைக் கவனக்குறைவு என்று எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.